குகைக்குட் குடும்பத்துடன் ஒரு நாள்

விடுமுறை நாளொன்றைக் குடும்பத்தார் அனைவருஞ் சேர்ந்து எங்ஙனங் கழிப்பதென்பது சிறிய விஷயமாகத் தோன்றினும், உண்மையிற் சிறிதன்று. பொருளைத் தேடுதற்கு வழிகள் பல உள; கழிந்த நாளைத் திரும்பப் பெறுதற்கோ வழியொன்றும் இல்லை. பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்ல, பிள்ளைகள் பாடமும் பரீட்சையுமாய்க் கிடக்க, முதியோர் வீட்டில் தனித்திருக்க, எல்லாரும் ஒன்றுகூடும் நாட்கள் ஆண்டிற்குச் சிலவே கிட்டுங் காலம் இது. அந்நாளையும் அதற்குரிய பணத்தையும் ஓரிடத்திற் செலவிடுமுன் ‘இது தகுமா?’ என்று கேட்டல் உலோபத்தனமன்று, விவேகமேயாம்.

மேனாடுகளில் இக்கேள்வியை எழுப்பும் இடங்களுள் குகைப் பூங்காக்களும் ஒருவகை. இயற்கையாயமைந்த குகையொன்றைச் சுற்றி, பாறை ஏறுதல், ஏணியிற் செல்லுதல், இருண்ட இடுக்குகளில் ஊர்ந்து போதல் முதலிய தீரச் செயல்களையும் ஏற்படுத்தி, கட்டணம் பெற்றுக் குடும்பங்களை வரவேற்கும் இடங்கள் அவை. நம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இந்நாளிற் கடல்கடந்து வாழ்கின்றனர். அவரைக் காணச் செல்லும் பெற்றோரும் பலர். ஆதலின் இவ்விஷயத்தைச் சிறிது ஆராய்தல் பயனற்றதாகாது. பொதுப்படப் பேசிப் போவதினும், பெயர்பெற்ற ஓரிடத்தை எடுத்துக்கொண்டு நோக்குதல் தெளிவு தருமாகையால், இங்கிலாந்தின் தென்மேற்கே சாமர்செட் ஜில்லாவிலுள்ள செடார் பள்ளத்தாக்கையும் அதன் குகைகளையும் ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

ஆராயுமுன் அளவுகோல் வேண்டும். ஒரு நாட்பயணம் தக்கதா அன்றா என்பதை மூன்று வினாக்களால் அளக்கலாமென்பது எமது கருத்து. முதலாவது, வேறெங்குங் கிடைக்காத ஒன்று அங்குக் கிடைக்கின்றதா? இரண்டாவது, அதனைக் குடும்பத்தார் எல்லாருமே பெறுகின்றனரா, அல்லது சிலர் பெறச் சிலர் காத்திருக்கின்றனரா? மூன்றாவது, நாம் கண்டுவந்த பின்னர், நம் பின் வருவோர்க்கும் அது குறைவின்றி எஞ்சியிருக்குமா? இம்மூன்றிற்கும் ‘ஆம்’ என்னும் விடை கிடைக்குமாயின் செலவைப்பற்றி வருந்த வேண்டுவதில்லை.

செடார் என்னும் பெயர் உலகெங்கும் பரவியது அவ்வூர்ப் பாலாடைக்கட்டியினால். அவ்வூர்க்குப் பின்னே மெண்டிப் என்னுங் குன்றுத்தொடர் இருக்கின்றது. அதன் தென்விளிம்பில், கத்தியாற் கீறியது போன்ற பள்ளத்தாக்கொன்று வளைந்து செல்கின்றது. தென்பக்கத்துப் பாறைகள் சுவரென நிமிர்ந்து, சிற்சில இடங்களில் 137 மீட்டர், அஃதாவது ஏறக்குறைய 450 அடி, உயர்ந்து நிற்கின்றன. வடபக்கமோ புல் முளைத்த சரிவாய் இறங்குகின்றது. குகைகளுள்ள தென்பக்கம் லாங்லீட் பண்ணையைச் சேர்ந்தது. வடபக்கம் நாஷனல் டிரஸ்ட் என்னுந் தர்மஸ்தாபனத்தைச் சேர்ந்தது. நடுவே செல்வது பொதுச்சாலை. ஆகவே பள்ளத்தாக்கினைக் கண்ணாரக் காணுதற்குக் காசு ஒன்றுங் கொடுக்க வேண்டுவதில்லை. கட்டணம் குகைக்குள்ளே செல்வதற்கே. சிறு வருமானமுள்ள குடும்பத்தார் இதனை முதற்கண் அறிந்துகொள்ளல் நன்று.

இவ்வளவு பெரிய பள்ளத்தை வெட்டியது யாது? ஆறு என்று எவரும் விடை கூறுவர். ஆனால் மேலே சென்று பார்த்தால் ஆறொன்றுங் காணப்படவில்லை. காரணம் இது: பண்டைப் பனிக்காலங்களில் இக்குன்றுகளின் நிலம் ஆழம்வரை உறைந்து கல்லாயிற்று. கோடையில் உருகிய பனிநீர் உள்ளே இறங்க வழியின்றி மேலேயே பெருக்கெடுத்தோடிப் பாறையை அறுத்தது. பின்னர் உலகம் வெப்பமடைய, உறைவு நீங்கிற்று. நீர் பாறை வெடிப்புக்களின் வழியே கீழிறங்கிற்று. மேலே பள்ளத்தாக்கு வறண்டது. இன்று அந்நீர் நிலத்தினடியே ஒழுகி, பள்ளத்தாக்கின் அடியில் யோ என்னும் ஆறாக வெளிப்படுகின்றது. எனினும் பழைய வழியை நீர் அடியோடு மறந்துவிடவில்லை. 1968-ஆம் ஆண்டு ஜூலை மாதத்திற் பெய்த பெருமழையில் பள்ளத்தாக்கின் வழியே வெள்ளம் பாய்ந்து கற்களை உருட்டிவந்தது. குகைகளுள்ளும் நீர் புகுந்தது.

இனிக் குகையைப்பற்றிக் கூறுவோம். தமிழ்நாட்டிற் குகையென்றவுடன் நமக்கு நினைவு வருவன சித்தன்னவாசலும் மாமல்லபுரமும் போல்வன, உளியினாற் குடையப்பட்டவை. நம் மலைகள் பெரும்பாலும் நீரிற் கரையாத கடும்பாறையினால் ஆயவை. செடாரிலுள்ளதோ சுண்ணாம்புப்பாறை. 33 கோடி ஆண்டுகட்கு மேற்பட்ட காலத்தின் முன்னே, வெதுவெதுப்பான ஆழமற்ற கடலொன்றில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் கூடுகளும் அடிமட்டத்திற் படிந்து இறுகியதே அப்பாறை. மழைநீர் வானத்தினின்றும் மண்ணினின்றுங் கரியமிலவாயுவை ஏற்று மெல்லிய புளிப்புத்தன்மை அடைகின்றது. அந்நீர் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாய்க் கரைக்கின்றது. எறும்பூரக் கல்லுந் தேயும் என்பது நம்மவர் பழமொழி. ஈண்டு எறும்பின் வேலையை மழைத்துளி செய்தது. வெடிப்பு இடுக்காயிற்று, இடுக்கு வழியாயிற்று, வழி மண்டபமாயிற்று.

கரைத்த நீரே மீண்டுங் கட்டவும் வல்லது. குகையின் மேற்றளத்திற் கசியும் துளி, அங்குள்ள காற்றைத் தொட்டவுடன் தான் ஏற்றிருந்த வாயுவை வெளிவிடுகின்றது; விடவே, கரைந்திருந்த சுண்ணாம்பும் மிகமெல்லிய ஏடாய்ப் படிகின்றது. இவ்வாறு மேலிருந்து ஆலம்விழுதுபோற் கற்கள் தொங்குகின்றன; துளி விழுமிடத்திற் கீழிருந்து கரையான்புற்றுப்போல் வேறு கற்கள் எழுகின்றன; இரண்டும் நெடுங்காலத்தின்பின் ஒன்றையொன்று தொட்டுத் தூணாகின்றன. இவ்வகைக் கல் நூறு ஆண்டுகளில் ஓரங்குலமும் வளராமையே பெரும்பான்மை. தாம் பிறந்த ஆண்டிற்கும் இன்றைக்கும் இடையே இக்கல் எவ்வளவு நீண்டிருக்கும் என்று பிள்ளைகள் விரலாற் காட்டும்படி கேட்டுப் பாருங்கள். அவர்கள் காட்டும் அளவு எப்போதும் மிகுதியாகவே இருக்கும். பாடப்புத்தகத்திற் பத்து முறை படித்தும் மனத்திற் பதியாத காலத்தின் நீளம் அக்கணத்தில் பதியும்.

பார்வையாளர் செல்லுங் குகைகள் இரண்டு. ஒன்றை 1837-இல் ஜார்ஜ் காக்ஸ் என்பவர் சுண்ணாம்புக்கல் வெட்டும்போது தற்செயலாய்க் கண்டார். மற்றொன்று ரிச்சர்ட் காஃப் என்னும் ஓய்வுபெற்ற கப்பற்றலைவருடைய உழைப்பின் பயன். அவர் 1892 முதல் 1898 வரை மண்ணையும் கல்லையும் அகற்றிக்கொண்டே உட்சென்று, அறை அறையாகத் திறந்தார்; 1899-இல் அதனுள் மின்விளக்கும் ஏற்றப்பட்டது. கற்படிவுகளுக்கு ‘சாலமோன் ராஜாவின் ஆலயம்’ என்பது போன்ற பெயர்களும் வழங்கலாயின. ஆகவே குகையைக் காட்டிக் காசு பெறுதல் இக்காலத்தார் புகுத்திய நூதனமென்று வருந்துவோர், அவ்வழக்கம் அங்கு நூறாண்டினும் பழையதென்பதை உணர்வாராக.

குகைக்குள் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 11 டிகிரி வெப்பமே நிலவுகின்றது. கோடையிலும் மாரியிலும் மாறாத இக்குளிரும் ஈரமும் பாலாடைக்கட்டி முதிர்வதற்கு ஏற்றனவாகலின், காஃப் குகையினுள் அதனை அடுக்கிவைத்துப் பதப்படுத்துகின்றனர். நம் நாட்டிலிருந்து செல்வோர் இதனை மறந்து மெல்லிய உடையுடன் உட்புகுந்தால், கல்லின் அழகைக் காண்பதை விட்டு வாயிலையே நோக்கி நிற்க நேரிடும்.

கல்லினுஞ் சிறந்தது ஒன்றும் அக்குகையிற் கிடைத்தது. 1903-ஆம் ஆண்டில் நீர் வடிவதற்குக் கால்வாய் தோண்டுகையில் ஒரு மனித எலும்புக்கூடு அகப்பட்டது. ஏறக்குறைய பதினாயிரம் ஆண்டுகட்கு முன் இறந்த இளைஞனொருவனுடையது அது. ஏறத்தாழ முழுமையாகக் கிடைத்த மனித எலும்புக்கூடுகளுள் பிரிட்டனில் மிகப் பழைமையானது. இன்று அது லண்டன் இயற்கைச் சரித்திரக் காட்சிசாலையின் உடைமை. ‘செடார் மனிதன்’ என்று அவனைக் குறிப்பர். 2018-இல் அக்காட்சிசாலையினரும் லண்டன் யூனிவர்ஸிடி காலேஜ் அறிஞரும் அவன் எலும்பினின்று எடுத்த மரபணுவை ஆராய்ந்து, அவன் தோல் கருமையாகவும், மயிர் கருமையாகவும், கண்கள் நீலச்சாயலுள்ளனவாகவும் இருந்திருத்தல் கூடுமென வெளியிட்டனர். தோல்நிறத்தை மரபணுவாற் கணித்தல் ஊகத்தின்பாற்பட்டதேயாயினும், இன்றைய ஆங்கிலேயரின் வெளிர்நிறம் அவனிடம் இருந்ததென்பதற்குச் சான்றில்லை என்பது அவர்கள் முடிபு.

இச்செய்தி எவ்வளவு ஆழமானது என்பதை நம் மாணவர் சிந்திக்கக் கடவர். அந்நாட்டுப் பள்ளியிற் படிக்கும் ஒரு தமிழ்ப் பிள்ளையை எண்ணிக்கொள்ளுங்கள். ‘நீ எந்த ஊர்?’ என்று யாரேனும் கேட்குந்தோறும் தன் நிறத்தை நினைத்து ஒடுங்கும் இயல்புடையதாக அஃது இருக்கலாம். அப்பிள்ளை அக்குகையில் நின்று, இத்தேசத்திற் பண்டு வாழ்ந்தவனும் தன்னைப்போற் கருமேனியன் என்று அறியுமாயின், யாதொரு பிரசங்கமுமின்றி அதன் முதுகு நிமிரும். அருகில் நிற்கும் வெள்ளைக்காரச் சிறுவனும் நிறத்தைக்கொண்டு உரிமையை அளக்கலாகாதென்பதை அங்கேயே கற்பான். இது வேறெந்த விளையாட்டு மைதானத்திலும் விலைக்குக் கிடைப்பதன்று.

அக்குகையின் வரலாற்றில் இனிமையற்ற பகுதியும் உண்டு. செடார் மனிதனுக்கும் நெடுங்காலம் முன்னர், சுமார் 14,700 ஆண்டுகட்கு முந்தி, அங்குத் தங்கியோர் இறந்தோர் தலையோடுகளைச் செதுக்கிக் கிண்ணங்களாக்கினர் என்றும், மனித ஊனை உண்டனர் என்றும் எலும்பிலுள்ள வெட்டுக்களால் அறியப்படுகின்றது. 2011-இல் இவ்வாராய்ச்சி வெளிவந்தது. இதனைச் சிறுகுழந்தைகட்கு எவ்வளவு கூறுவது என்பதைப் பெற்றோர் முன்னரே தீர்மானித்துக்கொள்ளல் வேண்டும். சற்று வளர்ந்த பிள்ளைகளிடம் மறைப்பதிற் பயனில்லை. மனிதன் எவ்வழி நடந்து வந்தான் என்பதை அறிந்தாலன்றி, இனி எவ்வழி நடத்தல் வேண்டும் என்பதை அவன் அறியான்.

இனித் தீரச்செயல்களை நோக்குவோம். பள்ளத்தாக்கின் பக்கத்தில் ‘யாக்கோபின் ஏணி’ எனப் பெயரிய 274 படிகள் மேலே செல்கின்றன. உச்சியிற் காட்சிக் கோபுரமொன்று உண்டு. (இவ்வழி எந்நாளும் திறந்திருக்குமென்று எண்ணாது முன்னரே விசாரித்துக்கொள்க.) பிள்ளைகளுடன் ஏறுவோர்க்கு ஒரு கணக்கு: ஒவ்வொரு படியையும் பத்து லக்ஷம் ஆண்டாகக் கொள்ளுங்கள். மூச்சுவாங்க உச்சியை அடைந்த பின்னும் அச்சுண்ணாம்புப்பாறை பிறந்த காலத்தை எட்ட இன்னும் ஏறக்குறைய அறுபது படிகள் குறையும். செடார் மனிதன் நமக்கு எவ்வளவு தூரத்தில் உள்ளான்? ஒரு படியின் நூற்றிலொரு பங்கு. அஃதாவது ஒரு நாணயத்தின் கனம்! காலால் அளந்த கணக்கு எளிதில் மறவாது.

விளக்கில்லாத பகுதிகளில் தலைக்கவசமும் விளக்கும் அணிந்து, வழிகாட்டியுடன் ஊர்ந்துசெல்லும் ஏற்பாடும், கயிறு கட்டிப் பாறை ஏறும் ஏற்பாடும் இத்தகைய இடங்களில் உள்ளன. இவை வீண் ஆரவாரமென்று இகழ்வாருளர். அஃது எமக்கு உடன்பாடன்று. இடுக்கில் முன்னே செல்லும் தந்தை அஞ்சித் தயங்கும்போது, பின்னே வரும் மகள் ‘மெள்ள வாருங்கள் அப்பா, நான் விளக்குப் பிடிக்கிறேன்’ என்பாளாயின், அவ்விருவரும் ஒருவரையொருவர் புதிதாய் அறிகின்றனர். வீட்டில் அத்தகைய தருணம் எளிதில் வாய்ப்பதில்லை. ஆனால் ஒன்று: தீரச்செயல் அவ்விடத்தோடு இயைந்ததாயிருத்தல் வேண்டும். குகையில் ஊர்தலும் பாறையில் ஏறுதலும் அவ்விடத்திற்கே உரியன. சுழலும் ராட்டினமும், பொம்மைக் கடையும், தின்பண்டச் சாலையும் எவ்வூரிலும் உண்டு. குகைக்குச் சென்று பாதிப்பொழுதை அவற்றிற் போக்குவோர், கடற்கரைக்குச் சென்று குழாய்நீரில் விளையாடுவோரை ஒப்பர். முதல் வினாவிற்கு இதுவே விடை: குகையும் குன்றும் வேறெங்குங் கிடைக்காதன; மற்றவை எங்குங் கிடைப்பன.

இரண்டாம் வினாவிற்கு விடைகூற, எம் சொந்த அனுபவமொன்றைச் சொல்லுதல் வேண்டும். சில ஆண்டுகட்குமுன் வேறொரு தேசத்திலுள்ள குகைப் பூங்காவொன்றிற்கு, மனைவி மக்களோடு எம் வயது முதிர்ந்த தாயாரையும் அழைத்துச் சென்றிருந்தோம். உள்ளே எத்தனை படிகளென்று யாமும் விசாரித்தோமில்லை. சீட்டுக் கொடுத்தவரும் சொன்னாரில்லை. வாயிலில் நின்று கீழே எட்டிப்பார்த்த தாயார், ‘நீங்கள் போய்வாருங்கள், நான் இங்கே இருக்கிறேன்’ என்றார். ஒரு மணியில் திரும்பிவிடலாமென்று எண்ணினோம். குகைக்குப்பின் கயிற்றேற்றம், அதற்குப்பின் பாறையேற்றம் என்று நான்கு மணி கழிந்தது. வெளிவந்தபோது, எங்கள் பைகளையும் குடைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலேயே ஒரு பலகையில் அவர் உட்கார்ந்திருந்தார். எம் இளைய மகன் ஓடி, ‘பாட்டி, உள்ளே என்ன இருந்தது தெரியுமா?’ என்றான். ‘தெரியாதே கண்ணு, நீ சொல்லு, நான் கேட்கிறேன்’ என்றார் அவர். அவனும் கைகளை விரித்துக் கல்விழுதுகளையெல்லாம் வருணித்தான். அவர் முகத்திற் கோபமோ வருத்தமோ சிறிதும் இல்லை. அதுவே எம்மைச் சுட்டது. மறுமுறை அவரை எங்கும் அழைத்துச் செல்ல எமக்கு வாய்ப்புக் கிட்டவில்லை.

அன்று யாம் செலவிட்டது குடும்ப நாளன்று. நால்வர் களித்த நாளும், ஒருவர் காத்திருந்த நாளுமே. ஆதலின், முதியோரோ கைக்குழந்தையோ நடக்க இயலாதாரோ உடனிருப்பின், படிகள் எத்தனை, தரை வழுக்குமா, இடையே அமர இடமுண்டா என்பனவற்றைப் புறப்படுமுன் கேட்டறிதல் கடமை. செடார் போன்ற இடத்தில் இக்குறைக்கு ஒருவாறு பரிகாரம் உண்டு. பள்ளத்தாக்கின் சாலைவழியே வண்டியிற் சென்றே பாறைச்சுவர்களை நிமிர்ந்து காணலாம். அங்கு மேயும் ஆடுகளையுங் காணலாம். அப்பாறைகளில் இயல்பாய் வளருஞ் ‘செடார் பிங்க்’ என்னும் இளஞ்சிவப்பு மலரும் உண்டு. குகைக்குட் செல்வோர் இரு குழுவாய்ப் பிரிந்து, ஒருவரேனும் முதியோருடன் இருத்தல் முறை. எல்லாரும் எல்லாவற்றையுங் காண இயலாது. ஒருவரும் தனித்து விடப்படாமல் இருக்க இயலும்.

மூன்றாம் வினாவே கடினமானது. குகை உயிரற்றதுபோலத் தோன்றினும் எளிதிற் புண்படுவது. விளக்கொளி படுமிடத்திற் பாசி முளைத்துக் கல் பச்சைநிறமடைகின்றது. விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடத்திற் கல்லின் நிறமும் வளர்ச்சியுங் கெடுகின்றன. செடார் குகைகளில் மாரிக்கால உறக்கங்கொள்ளும் லாடமூக்கு வௌவால்கள், இடையே எழுப்பப்படின் சேமித்த கொழுப்பை இழந்து மடியவுங் கூடும். பிரான்சு தேசத்து லாஸ்கோ குகையின் கதை யாவர்க்கும் பாடமாகத் தக்கது. ஏறக்குறைய 17,000 ஆண்டு பழைமையான ஓவியங்களையுடைய அக்குகை 1940-இற் கண்டுபிடிக்கப்பட்டு, 1948-இற் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு ஆயிரத்திற்கு மேற்பட்டோர் வந்தனர். அவர்கள் தீங்கொன்றும் எண்ணினாரில்லை. மூச்சு விட்டனர், அவ்வளவே. அம்மூச்சின் ஈரமும் வாயுவும் விளக்கொளியுஞ் சேர்ந்து ஓவியங்களைக் கெடுக்கத் தொடங்கவே, 1963-இல் குகை மூடப்பட்டது. இன்று செல்வோர் காண்பது அதன் பிரதியையே.

ஆயின் குகைகளையெல்லாம் மூடிவிடலாமோ? அதுவுந் தகாது. காணாத பொருளை மக்கள் காக்க முன்வருவதரிது. குகையைத் தூய்மையாய் வைப்பதற்கும், வழிகாட்டிகளை அமர்த்துவதற்கும், ஆராய்ச்சிக்கும் பணம் வேண்டும். அப்பணத்திற் பெரும்பகுதி பார்வையாளரிடமிருந்தே வரல் வேண்டும். ஆகவே கட்டணம் ஒருவகையிற் குகையைக் காக்கின்றது. மற்றொரு வகையில், கூட்டத்தை மிகுத்து அதனைத் தேய்க்கின்றது. இவ்விரண்டின் நிறையும் ஒத்திருக்கச் செய்வது உடையவர் கடமை மாத்திரமன்று, உட்புகுவோர் கடமையுமாம். தொடாதே என்றவிடத்துத் தொடாமையும், கூச்சலிடாமையும், கல்லை உடைத்து நினைவுப்பொருளாகக் கொணராமையும் சிறு செயல்களே. அவற்றாலேயே அக்குகை அடுத்த தலைமுறைக்கு எஞ்சும்.

இதுகாறுங் கூறியவற்றால் எம் துணிபு வெளிப்படை. குகைப் பூங்காவில் ஒரு நாள் கழித்தல் தகும். ஆனால் நிபந்தனையுடன் தகும். காலையிற் கூட்டம் சேருமுன் குகையைக் காண்க. பிள்ளைகளுக்கு அதன் வரலாற்றை முந்தின நாளே சொல்லி வைக்க. உடம்பிற்குக் கம்பளியாடையும் காலுக்கு வழுக்காத பாதரக்ஷையும் கொள்க. பிற்பகலிற் படியேற்றமோ பாறையேற்றமோ ஒன்றைமட்டும், இயன்றவர் எல்லாருஞ் சேர்ந்து, செய்க. கடைகளை விட்டு மீள்க. இங்ஙனஞ் செய்யின் கொடுத்த பணத்திற்கு மேலாகவே பெற்றுத் திரும்பலாம். இவ்வாறன்றி, பிள்ளைகளை ஆரவாரத்தில் விட்டுப் பெற்றோர் கைக்கருவியை நோக்கி அமர்ந்திருப்பதாயின், குகை எதற்கு? வீட்டுத் திண்ணையே போதும்.

உள்ளிருக்கையில், வழிகாட்டி இசைவாராயின், ஒரு நிமிஷம் எல்லா விளக்குகளையும் அணைக்கச் சொல்லிக் கேளுங்கள். நகரத்திற் பிறந்தோர் ஒருபோதும் அறியாத முழு இருள் அது. அவ்விருளில் எங்கோ ஒரு துளி விழும் ஓசை கேட்கும். சிறிது பொறுத்து மற்றொன்று. அப்போது பக்கத்திலிருப்பவர் கையைக் குடும்பத்தார் ஒவ்வொருவரும் தாமாகவே தேடிப் பிடிப்பர். வெளியே ஒரு பலகையில் யாரேனும் தனித்திருக்கின்றனரா என்பதையும் அந்நிமிஷத்தில் நினைத்துக்கொள்க.